நிலம் வாங்கும் முன் மண் வடியுமா என்று எப்படிப் பார்ப்பது? (வேலூர், அணைக்கட்டுப் பக்கம்)

சத்துவாச்சாரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுச் சாப்பாட்டுக்காகவே பயிர் வைக்க வேண்டும் என்று நிலம் தேடிக்கொண்டிருக்கிறேன். நெல், காய்கறி, கொஞ்சம் வாழை, நாலைந்து பப்பாளி, அவ்வளவுதான். கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு இடம் வந்திருக்கிறது. ஒன்று அணைக்கட்டுப் பக்கம், ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நன்செய், கிணறு உண்டு, மண் கருப்புச் சாயலில் கனமாக இருக்கிறது. இன்னொன்று கே.வி.குப்பம் பக்கம், சரிவான செம்மண் கொல்லை, போர் மட்டும் இருக்கிறது.

சித்திரையில் போய்ப் பார்த்தபோது அணைக்கட்டு நிலத்துக் கிணற்றில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. "தண்ணி பிரச்சினையே இல்லை சார், உடனே அட்வான்ஸ் போடுங்க" என்கிறார் புரோக்கர். ஆனால் வாலாஜாவில் இருக்கும் என் மாமா, "ஏரிக்கீழ் கழனி, மழைக்காலத்தில் வடியாது, நெல்லைத் தவிர வேறொன்றும் வராது, பார்த்து வாங்கு" என்று சொல்லிவிட்டார். விற்பவர் மண்வள அட்டை காட்டினார், அதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஐப்பசி வரைக்கும் காத்திருக்க புரோக்கர் விடமாட்டார் போலிருக்கிறது. மண் வடியுமா வடியாதா என்பதை இப்போதே, ஆடி மாதத்திலேயே, எப்படித் தெரிந்துகொள்வது?

கழனிக்காரன்

உங்கள் மாமா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நம்ம பக்கம் நிலம் பார்க்கப் போகிற எல்லோரும் தண்ணி இருக்கா என்றுதான் கேட்கிறார்கள். வந்த தண்ணி எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணலாகக் கிடக்கிற ஊரில் தண்ணீரைப் பற்றிய பயம் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். ஆனால் வேலூருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் நமக்கு உண்டு. இதில் பெரும்பங்கு சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிற மழை, அந்த வாரங்களில் வேர் மூச்சுவிட முடிகிறதா இல்லையா என்பதில்தான் காய்கறியும் வாழையும் நிற்கின்றன. பப்பாளியைக் கேட்கவே வேண்டாம், வேரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மரம் போய்விடும்.

//மண்வள அட்டை காட்டினார், அதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது//

அந்த அட்டையில் 12 கணக்கு இருக்கும். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பன்னிரண்டில் ஒன்றுகூட வடிகாலைப் பற்றியது கிடையாது. மாதிரி எடுப்பதும் மேல் அரை அடி மண்ணில். உங்கள் பிரச்சினை இருந்தால் அதற்குக் கீழே இருக்கும். அட்டையைக் குறை சொல்லவில்லை, உரம் போட அது நல்ல வழிகாட்டி, நிலம் வாங்க அது போதாது.

குழி தோண்டிப் பாருங்கள், அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. நில உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள், புரோக்கர் வழியாக வேண்டாம். குழி தோண்ட விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதுவே உங்களுக்குப் பதில்.

நிலத்தில் மேடான இடம், நடு, தாழ்ந்த மூலை, மூன்றிலும் ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழத்தில் குழி எடுங்கள். மண்வெட்டி களிமண்ணை வெட்டும்போது குழியின் சுவர் வழவழவென்று மெழுகின மாதிரி ஆகிவிடும், அந்தப் பரப்பு வழியாகத் தண்ணீர் இறங்காது. ஒரு ஆணியாலோ முள்கரண்டியாலோ சுவரையும் அடியையும் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றி முழுசாக வடிய விடுங்கள். இந்த முதல் தண்ணீரை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். காய்ந்த மண் எதுவாக இருந்தாலும் முதல் தண்ணீரைக் குடித்துவிடும், கருப்பு மண்ணில் வெடிப்பு வழியாக மாயமாகவே போய்விடும். புரோக்கர்கள் ஒரு குடம் ஊற்றிக் காட்டி "பாருங்க எப்படி இழுக்குது" என்பது இதை வைத்துத்தான். மறுநாள் திரும்ப நிரப்பி, ஒரு குச்சியில் அங்குலக் கோடு போட்டு நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கருப்பு மண் என்றால் அளப்பதற்கு முன் இரண்டு மூன்று தடவையாவது ஊறவிடுவது நல்லது.

மணிக்கு ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் இறங்கினால் காய்கறிக்கு அருமையான மண். அரை அங்குலத்துக்கும் கீழே என்றால் மழைக்காலத்தில் காய்கறி, வாழை, பப்பாளி மூன்றுக்கும் ஆபத்து. நாலு அங்குலத்துக்கு மேல் ஓடினால் அது மணல் சுபாவம், தண்ணீரும் உரமும் சேர்ந்து கீழே போகும், வேறு விதமாகக் கையாள வேண்டும்.

இதோடு நிறுத்தாமல் தாழ்ந்த மூலையில் நாலு அடிக்கு ஒரு ஆழமான குழி கட்டாயம் எடுங்கள். ஆள் வைத்தால் அரை நாள் கூலி. நீங்கள் போடப்போகும் பணத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. குழிக்குள் இறங்கி, சுவரில் ஒரு பக்கத்தைக் கத்தியால் சுத்தமாகச் செதுக்கிப் பாருங்கள். செதுக்கிய முகத்தில் மேலிருந்து கீழே ஒரே சீராகச் சிவப்போ பழுப்போ இருந்தால் காற்று போய்வருகிறது. சாம்பல் நிறத்தில், நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள், பழைய வேர் போன துளையைச் சுற்றித் துரு வளையம், இதெல்லாம் இருந்தால் அந்த ஆழம் வரைக்கும் வருஷா வருஷம் தண்ணீர் ஏறி நின்று இறங்குகிறது. மண்ணில் இரும்பு இருக்கிறது, காற்று கிடைத்தால் சிவக்கும், தண்ணீரில் மூழ்கிக் காற்று இல்லாமல் போனால் நிறம் வெளுத்துச் சாம்பலாகும், இரண்டும் மாறி மாறி நடந்தால் புள்ளி விழும். சித்திரை வெயிலில் மண் தூளாகக் காய்ந்து கிடந்தாலும் அந்தப் புள்ளி போகாது. ஐப்பசி மழையை ஆடியிலேயே பார்க்க இதுதான் வழி. மண்ணை முகர்ந்தும் பாருங்கள், அழுகின முட்டை நாற்றம் வந்தால் நிலைமை மோசம்.

பொன்னையாற்றங்கரை

தம்பி, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வட ஆற்காட்டில் நிலம் வாங்குகிறவன் முதலில் பயப்பட வேண்டியது வறட்சிக்குத்தான். தண்ணீர் தேங்குவது வருஷத்தில் இரண்டு வாரம், தண்ணீர் இல்லாமல் தவிப்பது ஆறு மாதம். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்கிற நிலத்தை விட்டுவிட்டு, செம்மண் நன்றாக வடிகிறது என்று போரை நம்பி கே.வி.குப்பம் போனால் பங்குனியில் லாரித் தண்ணீர் வாங்கிக் கத்தரிக்கு ஊற்ற வேண்டி வரும். ஆயிரம் அடி போட்டும் புகை வந்த கதை எங்கள் ஊரில் நிறைய உண்டு. தேங்குகிற தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். இல்லாத தண்ணீரை எங்கிருந்து வெட்டுவது?

கழனிக்காரன்

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தண்ணீர் ஆதாரம் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு விஷயம். வடியாத மண் வெயில் காலத்திலும் தொந்தரவு கொடுக்கும், அப்போது அது வறட்சி மாதிரி வேஷம் போட்டு வரும். ஏரிக்கீழ் கழனியில் தலைமுறை தலைமுறையாகச் சேறு கலக்கி நெல் நட்டிருப்பார்கள். அந்தச் சேற்றுழவில் மேல் மண்ணுக்குக் கீழே, முக்கால் அடி ஆழத்தில், சட்டியின் அடி போல ஒரு கடின அடுக்கு இறுகிவிடும். நெல்லுக்கு அது வரம், தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதே இடத்தில் மிளகாயோ வாழையோ வைத்தால் வேர் அந்த அடுக்கில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். மழையில் வேர் அழுகும், வெயிலில் அந்த முக்கால் அடி மண் காய்ந்ததும் கீழே ஈரம் இருந்தும் எட்டாமல் செடி வாடும். பார்க்கிறவர்கள் தண்ணி பத்தவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். மழை பெய்த மறுநாள் ஒரு நீளக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். சரசரவென்று இறங்கி ஒரே ஆழத்தில் டக்கென்று நின்றால், நாலு இடத்தில் அதே ஆழத்தில் நின்றால், அதுதான் அடுக்கு. பக்கத்தில் காய்ந்து நிற்கும் பருத்தியோ துவரையோ ஆமணக்கோ இருந்தால் ஒன்றைப் பிடுங்கி ஆணிவேரைப் பாருங்கள், நேராக இறங்கியிருக்கிறதா, மண்வெட்டிப் பிடி மாதிரி வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இந்த அடுக்குக்கு வைத்தியம் உண்டு. உளிக்கலப்பை போட்டு அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் உடையும், மண் காய்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும், ஈரத்தில் ஓட்டினால் கீறல்தான் விழும். அடுக்குக்குக் கீழே நல்ல மண் இருந்தால் இதோடு கதை முடிந்தது. அடுக்குக்குக் கீழேயும் சாம்பல் களிமண் என்றால் உளிக்கலப்பையால் பிரயோஜனம் இல்லை. நாலு அடிக் குழியை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஒடுகத்தூர் சாமந்தி

குழி தோண்டுவதற்கு முன்னாலேயே களையைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும் தம்பி. வரப்பில் இல்லை, வயலுக்கு நடுவில் பாருங்கள், வரப்பு எப்போதும் பொய் சொல்லும், அங்கே வாய்க்கால் ஈரம் இருக்கும். கோரை பட்டையாகக் கிளம்பியிருந்தால் அந்த இடத்தில் ஈரம் தங்குகிறது. பொடுதலையும் வல்லாரையும் வெயில் காலத்தில்கூடப் பச்சையாகப் படர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. சம்பு முளைத்திருக்கும் மூலையில் நெல்லும் சேப்பங்கிழங்கும் தவிர வேறெதையும் நினைக்காதீர்கள்.

ஏரிக்கீழ் என்று சொன்னதால் இன்னொன்று. ஏரி நிறைந்தால் கரைக்கு அடியில் கசிவு வரும். மழை நின்று மூன்று மாதம் ஆனாலும் ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கசிவு நிற்காது. நீங்கள் பார்க்கிற நிலம் கரையிலிருந்து எவ்வளவு தூரம்? கரை ஓரத்து ரெண்டு கழனி என்றால் தை மாதம் வரை காலை வைத்தால் புதையும். நாலைந்து கழனி தள்ளி இருந்தால் அவ்வளவு இருக்காது. ஊரில் ஆடு மேய்க்கிற பெரியவர் யாரையாவது கேளுங்கள், எந்தக் கழனியில் மழைக்காலத்தில் ஆடு கால் வைக்காது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எது வரைக்கும் நின்றது, எத்தனை நாள் நின்றது என்றும் கேளுங்கள். பாலாற்றில் அவ்வளவு வெள்ளம் போன வருஷம், யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிலம் வேறு மாதிரி. மேலே சரளை கலந்த செம்மண், வடிவது அற்புதமாக வடியும், ஆனால் இரண்டு அடியில் பாறை. மலையிலிருந்து மண்ணுக்குள்ளேயே வருகிற தண்ணீர் பாறை மேல் வழுக்கிக்கொண்டு வந்து சரிவின் அடியில் ஊறும். அதனால் சரிவு நிலம் என்றாலே வடியும் என்று நம்பிவிடாதீர்கள். கே.வி.குப்பம் நிலத்திலும் சரிவின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலவம்பாடி முள் கத்தரி ருசிக்குப் பேர் வாங்கியதே இந்த அணைக்கட்டு வட்டாரத்தில்தான், மண் சரியாக அமைந்தால் இங்கே காய்கறி எப்படி வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிணத்துவேலை

முப்பது வருஷமாகக் கிணறு வெட்டுகிற குடும்பம் எங்களுடையது. இங்கே யாரும் சொல்லாத ஒன்று. ஐயா, கிணறு இருக்கிற நிலம் என்கிறீர்கள், அந்தக் கிணற்றுக்குள்ளேயே எட்டிப் பாருங்கள். கல் கட்டாத பச்சைக் கிணறு என்றால் நிலத்தின் ஜாதகமே சுவரில் இருக்கும். மேலே எத்தனை அடி மண், அதற்குக் கீழே சரளையா, சுண்ணாம்பு கலந்த சுக்கான் கல்லா, எங்கே பாறை ஆரம்பம், எல்லாம் வரிவரியாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் சுவரைச் சுற்றிப் பாசி படிந்து, சின்னச் செடி முளைத்து, ஈரக் கோடு ஓடினால், அந்த மட்டத்தில் தண்ணீர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் கசிகிறது. அந்தக் கோடு தரையிலிருந்து மூன்று நாலு அடியில் இருந்தால் வேருக்கு ஆகாது, பத்து அடிக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. காலை வெயில் எதிர்ச் சுவரில் விழும்போது பார்த்தால் தெளிவாகத் தெரியும். கல் கட்டிய கிணறு என்றால் பக்கத்து நிலத்துக் கிணற்றைப் பாருங்கள், ஏரிக்கீழில் அடுத்தடுத்த கழனிக்கு அடுக்கு பெரிதாக மாறாது.

சுக்கான் அடுக்கு ரெண்டடியில் இருந்தால் யோசியுங்கள். மா, எலுமிச்சை ரெண்டும் அதில் தவிக்கும்.

ஆம்பூர்ப் பக்கம்

தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பால் மண் வடியாமல் போகிற ஆபத்தும் உண்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் இரண்டுக்கும் அது குறைவு. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்கள் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஓரங்களில் நிலம் பார்ப்பவர்களாக இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பில் போடுவார்கள், அதை ஊறவைத்துக் கழுவும்போது உப்பு முழுவதும் கழிவுநீரில் வரும். பல காலம் அது சுத்திகரிக்கப்படாமல் நிலத்திலும் பாலாற்றிலும் போயிருக்கிறது. 1996ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, மாசுபடுத்தியவரே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது இந்த மண்ணுக்காகத்தான்.

இது வடிகாலோடு எப்படிச் சேர்கிறது என்றால், உப்பில் உள்ள சோடியம் களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு, மழை பெய்ததும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடும். பிரிந்த துகள் மண்ணின் சின்னச் சின்னத் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் நாள் கணக்கில் கலங்கலாக நிற்கும், காய்ந்தால் ஓடு மாதிரி தட்டும். களர் நிலம் என்பது இதுதான். பார்வைக்கு நல்ல மண்ணாகவே இருக்கும், குழிச் சோதனையில்கூட ஒரு விஷயம் ஏமாற்றும். அந்த நிலத்துப் போர்த் தண்ணீரே உப்பாக இருந்தால், அதை ஊற்றிச் சோதித்தால் துகள் பிரியாது, மண் நன்றாக வடிகிற மாதிரி காட்டும். மழைத் தண்ணீர் விழுந்த பிறகுதான் உண்மை தெரியும்.

அதற்கு ஒரு எளிய சோதனை. அரை அடி, ஒன்றரை அடி ஆழங்களிலிருந்து கோலிக்குண்டு அளவு மண்கட்டி எடுத்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரோ எடுத்துக்கொண்டு கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள், கலக்காதீர்கள், டம்ளரை நகர்த்தாதீர்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவியலாகக் கிடந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் நிறத்தில் ஒரு மூட்டம் கிளம்பி, மறுநாள் வரைக்கும் தண்ணீர் தெளியாமலே நின்றால் சோடியம் இருக்கிறது. பிறகு மண் பரிசோதனை நிலையத்தில் கார நிலையும் சோடியம் பங்கும் பார்க்கச் சொல்லுங்கள். கார நிலை 8.5க்கு மேல், மாற்றமுறும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார். ஜிப்சம் சோடியத்தைத் துகளிலிருந்து கழற்றும், உண்மைதான். கழன்ற சோடியம் தண்ணீரோடு நிலத்தை விட்டு வெளியே போக வேண்டாமா? வடிகால் இல்லாத நிலத்தில் ஜிப்சம் போட்டால் அது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலத்தை வாங்கியே தீர வேண்டும் என்றால் முதலில் வடிகால், அப்புறம் ஜிப்சம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, அதன் பிறகு திருச்சி 3 மாதிரி களரைத் தாங்கும் நெல். காய்கறி நாலைந்து வருஷம் கழித்துத்தான்.

நிலஅளவை (ஓய்வு)

காகிதத்திலும் கொஞ்சம் வடிகால் தெரியும். தமிழக அரசின் இணையச் சேவையில் அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய கிராம நிலக் கணக்கு) விவரம் எடுத்துப் பாருங்கள். அதில் பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், மண் தரம், தீர்வை என்று பத்திகள் இருக்கும். அந்தக் காலத்தில் நிலவரித் திட்டத்துக்காக ஊர் ஊராக நடந்து மண்ணைப் பார்த்து வகைப்படுத்திய கணக்கு அது. உங்கள் புல எண்ணை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள புல எண்களையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே ஏரிப் பாசனத்தில், அக்கம்பக்கம் எல்லாம் ஒரு தரமாக இருந்து இந்தப் புலம் மட்டும் மட்டமான தரத்திலோ குறைந்த தீர்வையிலோ இருந்தால் அன்றைக்கே யாரோ ஒருவர் அதில் குறை கண்டிருக்கிறார் என்று பொருள். என்ன குறை என்பதைக் குழியில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து புலப்படம், அதாவது நிலத்தின் எல்லை அளவு வரைபடம். ஓடையும் வாய்க்காலும் எந்த எல்லை வழியாகப் போகிறது என்று பாருங்கள், பிறகு அதே ஓடை நிலத்தில் இன்றைக்கு இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். வடிவாய்க்கால்தான் முதலில் காணாமல் போகும். பாசன வாய்க்காலை எல்லோரும் காப்பாற்றுவார்கள், வடிவாய்க்காலை இரண்டு பக்கமும் உழுது உழுது வரப்பாக்கிவிடுவார்கள். சாலை போட்டு மேடாக்கிய இடங்களில் இன்னும் மோசம், வாலாஜாவுக்கு அந்தப் பக்கம் புதுச் சாலைகளுக்காகக் கொட்டிய மண்மேட்டுக்கு மேல்பக்கம் இருக்கிற நிலங்களை நன்றாகக் கவனிக்க வேண்டும், சிறுபாலம் எங்கே வைத்திருக்கிறார்கள், அதன் அடிமட்டம் நிலத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று. கூகுள் எர்த்தில் பழைய வருஷங்களின் நவம்பர், டிசம்பர் படங்களையும் திருப்பிப் பாருங்கள். மேகம் இல்லாத படம் ஒன்று கிடைத்தால்கூட எந்த மூலை கருத்து ஈரமாக நிற்கிறது என்று தெரியும்.

சத்துவாச்சாரிக்காரன்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. அணைக்கட்டு நிலத்துக்காரர் நல்ல மனிதர், தாராளமாகத் தோண்டிப் பாருங்கள் என்று மண்வெட்டியும் ஆளும் அவரே கொடுத்தார். நடுவில் ஒரு நல்ல சாயங்கால மழையும் கிடைத்தது. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

நிலம் கரையிலிருந்து ஆறு கழனி தள்ளி இருக்கிறது. மேட்டுப் பக்கம் குழியில் இரண்டாம் நாள் மணிக்கு இரண்டு அங்குலம் இறங்கியது. நடுவில் முக்கால் அங்குலம். தாழ்ந்த மூலையில் கால் அங்குலம்தான், மறுநாள் காலை போனபோதும் குழியில் தண்ணீர் நின்றது. கம்பி எல்லா இடத்திலும் முக்கால் அடியில் நின்றுவிட்டது. நாலு அடிக் குழியில் அந்தக் கடின அடுக்குக்குக் கீழே ஒரு அடிக்கு நல்ல பழுப்பு மண், இரண்டு அடிக்குக் கீழே சாம்பல் நிறமும் ஆரஞ்சுப் புள்ளியும். நாற்றம் எதுவும் இல்லை. மேட்டுப் பக்கம் மூன்று அடி வரைக்கும் புள்ளியே இல்லை. டம்ளரில் போட்ட கட்டி உதிர்ந்தது, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பக்கத்துக் கிணற்றில் ஈரக் கோடு எட்டு ஒன்பது அடியில் தெரிந்தது. கோரை தாழ்ந்த மூலையில் மட்டும்.

கே.வி.குப்பம் செம்மண்ணில் மணிக்கு ஐந்து அங்குலம் ஓடியது, இரண்டரை அடியில் பாறை. போர் தண்ணீர் வருகிறது, ஆனால் அக்கம்பக்கத்தில் கேட்டால் மாசி பங்குனியில் விட்டு விட்டு வரும் என்கிறார்கள்.

கழனிக்காரன்

இது நல்ல சேதி. உங்கள் மாமா பயந்த அளவுக்கு அணைக்கட்டு நிலம் இல்லை. கடின அடுக்குக்குக் கீழே பழுப்பு மண் இருப்பதால் மேட்டுப் பாதியில் உளிக்கலப்பைக்கு நல்ல பலன் கிடைக்கும். அந்தப் பாதியைக் காய்கறிக்கும் வாழைக்கும் வையுங்கள். இனி அதில் சேற்றுழவு செய்யவே கூடாது, செய்தால் அடுக்கு மறுபடி இறுகிவிடும். நடுப்பகுதியில் மேட்டுப்பாத்தி போட்டு, பாத்திக்கு நடுவே ஒன்றரை அடிக்கு வடிகால் எடுத்தால் கத்தரி, வெண்டை, மிளகாய் வரும். தாழ்ந்த மூலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது நெல் மண், அங்கே நெல் போடுங்கள், வரப்பு ஓரம் சேப்பங்கிழங்கும் பொன்னாங்கண்ணியும் வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று கேட்டீர்கள், நெல்லும் காய்கறியும் ஒரே நிலத்தில் வர வேண்டும் என்றால் இப்படி இரண்டு சுபாவமும் கலந்த நிலம்தான் தேவை. பப்பாளியை மட்டும் மேட்டின் உச்சியில், குவித்த மண்ணில் வையுங்கள்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. மேலே இருந்தும் பாத்திகளிலிருந்தும் வடியும் தண்ணீர் எல்லாம் அந்தத் தாழ்ந்த மூலைக்குத்தான் வரும். அங்கிருந்து எங்கே போகும்? அதற்குப் பதில் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பொன்னையாற்றங்கரை

கழனிக்காரர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், தோண்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. கே.வி.குப்பம் மாதிரி வேகமாக ஓடுகிற மண் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஆற்றோரத்தில் எல்லாம் அப்படித்தான். ஏரி வண்டல் அடித்துக் கலந்து, சொட்டுநீர் போட்டு, மண்ணை வைக்கோலால் மூடி வைத்தால் மூன்று நாலு வருஷத்தில் மண் ஈரம் பிடிக்கப் பழகிவிடும். வண்டல் எடுக்க விவசாயிகளுக்கு அனுமதி கொடுக்கிறார்கள், தாலுகா அலுவலகத்தில் கேட்டால் எந்த ஏரி என்று சொல்வார்கள். வடியாத களியை மாற்றுவதைவிட இது சுலபம்.

சத்துவாச்சாரிக்காரன்

தாழ்ந்த மூலைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் கழனி, அதற்கு அப்பால்தான் ஓடை. புலப்படத்திலும் அப்படித்தான் இருக்கிறது, ஓடை எங்கள் எல்லையைத் தொடவில்லை. இத்தனை வருஷமாக வரப்பில் ஒரு மடை வைத்து அவர் கழனி வழியாகத்தான் வடியவிட்டிருக்கிறார்களாம். இரண்டு பேரும் பங்காளிகள் என்பதால் பிரச்சினை வந்ததில்லை. நான் வாங்கினால் அவர் விடுவாரா?

நிலஅளவை (ஓய்வு)

விடலாம், விடாமலும் போகலாம். பங்காளிக்கு விட்ட மடையை வெளி ஆளுக்கு அடைத்த வழக்குகள் ஏராளம். பக்கத்துக் கழனிக்காரரை இப்போதே போய்ப் பாருங்கள், விற்பவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அவர் ஓர எல்லையை ஒட்டி ஓடை வரைக்கும் இரண்டடி அகலத்தில் வடிவாய்க்கால் விட ஒப்புக்கொண்டால், அதற்கு ஒரு தொகை கேட்டால்கூடக் கொடுங்கள், அந்தத் தொகையை நில விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்லி விற்பவரிடம் பேசலாம். வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். அவர் எழுதிக் கொடுக்கும் வடிகால் பாத்தியதையைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் வண்டிப்பாதை, கிணற்றுப் பாத்தியதையோடு சேர்த்து "இன்ன புல எண்ணின் தென்புற எல்லையை ஒட்டி ஓடை வரை மழைநீர் வடிய விடும் பாத்தியதை" என்று திசையும் அகலமும் போட்டு எழுதச் சொல்லுங்கள். கூட்டு வரைபடம் ஒன்றும் இணைத்துவிட்டால் நல்லது. அவர் மறுத்துவிட்டால் மேட்டுப் பாதியை மட்டும் உட்பிரிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

சத்துவாச்சாரிக்காரன்

ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் அழைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறேன் ஐயா. புரோக்கரிடம் அட்வான்ஸ் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.